வலது மணிக்கட்டு

அன்று காலை நான் அவளுக்குக் கைக்கடிகாரம் கட்டிவிட்டேன். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. பத்தொன்பது வருடமாகத் தினமும் செய்கிற வேலை. அவள் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருப்பாள். சீப்பு இடது கையில் இருக்கும். வலது கையை என் பக்கம் நீட்டுவாள். நான் பின்னால் நின்றபடி தோல் வாரை இழுத்து நான்காவது துளையில் கொக்கியை மாட்டுவேன். சரியாக விழுந்ததா என்று கண்ணாடியில்தான் பார்ப்பேன், ஏனென்றால் அங்கேதான் அவள் முகமும் இருக்கும்.

"இறுக்காதீங்க. ரத்தம் ஓட வேணாமா?"

"ஏழு நிமிஷம் வேகமா ஓடுது. சரி பண்ணித் தரட்டா?"

"அது எனக்கும் தெரியும், கடிகாரத்துக்கும் தெரியும். நீங்க நடுவுல வராதீங்க."

ஏழேகாலுக்குக் கிளம்பினாள். கடிகாரத்தின்படி ஏழு இருபத்திரண்டு. ஒன்பது நாற்பதுக்கு அச்சகத்தில் தொலைபேசி அடித்தது. மறுநாள் பிற்பகல் அவள் இல்லை.

நான் மெய்ப்புத் திருத்துபவன். அச்சாகப் போகிற தாள்களில் பிழை பார்ப்பது தொழில். அவள் வேலை செய்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். நாலைந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வந்து துவைபட்டு, காய்ந்து, சூடான உருளைகளுக்கு நடுவே போய் இஸ்திரியாகி வெளியே வரும். உருளைகளுக்கு முன்னால் ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை நின்றுவிட வேண்டும். முதல் மிஷினில் அந்தக் கம்பி சும்மா சும்மா உருளையை நிறுத்தியது. வேலை தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் அதைத் தூக்கி ஒயரால் கட்டிவைத்தார். அவள் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் "பாக்கலாம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது அந்த "பாக்கலாம்" என்பதை மூக்கால் சொல்லிக் காட்டுவாள்.

அவள் இடதுகைக்காரி. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து எழுதுவதற்கு மட்டும் வலது கையைப் பழக்கினார்கள். மற்ற எதையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சலவைக்கூடத்தில் அவளுக்கு லெப்ட்டக்கா என்றுதான் பெயர். சம்பள நாளில் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி கழித்துத்தான் எழுந்திருப்பாளாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு உறையில் அவள் பொருட்களைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பட்டியல். கையில் கிடைத்த எதையும் படிக்காமல் மடிக்கிற பழக்கம் எனக்கில்லை. அன்றும் படித்தேன். ஐந்து வரி. மூன்றாவது வரி: கைக்கடிகாரம் ஒன்று, தோல் வார், வலது மணிக்கட்டு. யாரோ ஒரு குமாஸ்தா பேனாவை அழுத்திப் பிடித்து, புள்ளி ஒன்று விடாமல் எழுதியிருந்தார். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு அறை. நீள மேசை. விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. எதிரே சலவைக்கூடத்தின் மேலாளர், அவர் பக்கத்தில் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த இளைஞன். சுவரில் ஒரு டிவி. மேலாளர் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்துவிட்டு, "ஒரு சின்னப் படம் இருக்குங்க மேடம்" என்றார்.

படம் ஒரு நிமிடம் ஐம்பது நொடி. மெல்லிய இசை. கேட் வருகிறது. வரிசையாகச் சலவைப் பெட்டிகள். பிறகு கூடத்தின் உள்ளே முதல் மிஷின், தூரத்திலிருந்து. அதன் வலது ஓரத்தில் சிவப்பு நிறுத்துப் பொத்தான், பளிச்சென்று. அடுத்து, பக்கத்திலிருந்து அவள். ஒரு கையால் தடுப்புக் கம்பியைத் தூக்குகிறாள். மறு கையால் விரிப்பை உருளைக்கு நடுவே தள்ளுகிறாள். சிவப்புப் பொத்தான் அங்கேயும் வலது ஓரத்தில் பாதி தெரிகிறது. கீழே எழுத்து ஓடுகிறது: விபத்துக்குப் பத்து நிமிடம் முன்பு. பிறகு திரை கறுக்கிறது. கவனம் உயிர் காக்கும்.

நான் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்கும்போது அவள் கீழுதட்டைக் கடிப்பாள். படத்தில் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்று மாதம் முன்பு ஒருநாள் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள், இன்றைக்கு நான் நடிகை என்று. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்ட ஒரு பயிற்சிப் படம் எடுத்தார்களாம். எது தப்பு என்று காட்டவும் ஒரு ஆள் வேண்டும். மூத்தவள் என்று இவளை நிறுத்தினார்கள். தப்பாகச் செய்ய வரவே இல்லை, நாலு தடவை எடுத்தார்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதைச் சொன்னேன். இது அன்று காலை எடுத்ததில்லை, பழைய பயிற்சிப் படத்துக்காக அவளை நடிக்கச் சொல்லி எடுத்தது என்றேன். மேலாளர் கோபப்படவில்லை. அவர் தயாராக வந்திருந்தார். அந்தப் படம் எடுத்தது இரண்டாவது மிஷினில் என்றார். இரண்டும் எதிரெதிரே நிற்பவை. இரண்டாவது மிஷினில் சிவப்புப் பொத்தான் இடது பக்கம். இதில் வலது பக்கம் இருக்கிறது. ஆகவே இது முதல் மிஷின், அன்று காலை மேற்பார்வைக்காக எடுத்தது. வேண்டுமானால் நேரில் வந்து பார்க்கலாம்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "படத்துல தெளிவாத் தெரியுதுங்களே."

ஒரு பக்கத் தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்பதை ஏற்கிறேன் என்று நடுவில் ஒரு வரி. கீழே என் பெயருக்கு நேராகக் கோடு. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள். நான் மூடியை எடுத்துப் பேனாவை மூடினேன்.

"இதைப் படிச்சுப் பாக்கணும். எனக்கு டைம் வேணும்."

"ஒரு பக்கம்தானே சார், படிக்க என்ன இருக்கு?" என்றார் மேலாளர்.

"பேப்பரை இல்ல. படத்தை."

அந்த இளைஞன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி நாள்காட்டியைப் புரட்டி எட்டு வாரம் தள்ளி ஒரு தேதி சொன்னார். படத்தின் பிரதி கேட்டேன். தயங்காமல் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். என்னைப் பார்த்தால், அதை வைத்து இவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று தோன்றியிருக்கும். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கே அப்படித்தான் தோன்றியது.

அவளுடைய அண்ணன் அந்த வாரமே வந்தார். நல்ல மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் தேநீரைப் பார்த்துப் பேசினார்.

"கையெழுத்துப் போட்டு முடிச்சிருங்க மாப்ள. போனவ போயிட்டா. நாம அவங்களோட மல்லுக்கு நின்னு என்ன ஆகப்போகுது?"

"அவ தப்புன்னு எழுதியிருக்கு மச்சான்."

"எழுதிட்டுப் போறான். நமக்குத் தெரியாதா அவளை?"

"நமக்குத் தெரியும். நமக்குப் பின்னாடி அந்தப் பேப்பர்தானே இருக்கும்?"

அவர் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். தங்கை வீட்டில் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

படத்தை அச்சகத்துக் கணினியில் பார்த்தேன். பத்து முறை, இருபது முறை. எழுத்தில் ஒரு கொம்பு தப்பினால் தாளைத் திருப்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒன்று இடறியது, ஆனால் எங்கே என்று விரல் வைக்க முடியவில்லை. முப்பது வருடமாகப் பிழை பார்த்தவனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: நான் எழுத்துத் தெரியாத மொழியில் பிழை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு பலகை உண்டு. எட்டு வாரத்தில் வீடியோ: எடுக்க, வெட்ட, சேர்க்க. தினமும் பார்த்த பலகைதான். எட்டு வாரம் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மாடி ஏறினேன்.

எட்டுக் கணினிகள், அதில் ஆறு வேலை செய்யும். சொல்லிக்கொடுப்பது ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். எல்லோரும் மிஸ் என்றார்கள். தீராத ஜலதோஷம் அவளுக்கு. மேசையில் கேமரா இருக்கும், அதன் பக்கத்தில் தைலம். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டாள். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிற ஒருத்தி, தன் வேலையைச் சேனலில் போட வேண்டும் என்றாள். ஜிம் வைத்திருக்கிற ஒருவர் தன் தோளைப் போட வேண்டும் என்றார். என் முறை வந்தது.

"ஒரு படத்தைப் படிக்கணும்."

"எடுக்கணுமா சார்?"

"இல்லம்மா. படிக்கணும்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

முதல் வாரம் கேமராவைப் பிடிக்கக் கற்றேன். முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்க வேண்டும். மூச்சை விட்டபிறகு பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். நடப்பது நடக்கும் முன்பு ஐந்து எண்ண வேண்டும், நடந்து முடிந்தபின் ஐந்து. வெட்டுகிறவனுக்கு ஓரம் வேண்டும் என்றாள் மிஸ். துணி தைக்கிறவர்கள் விடுகிற மடிப்பு மாதிரி. நான் ஆர்வத்தில் எண்ணாமலே அழுத்தி, ஜிம்காரர் எடையைத் தூக்கிய காட்சியில் தூக்கிய பாதியிலிருந்து பதிவு செய்தேன். "என்ன சார், கஷ்டப்பட்டதெல்லாம் போச்சே" என்று அவர் மறுபடி தூக்கினார். மூன்றாவது தடவை தூக்கும்போது முகம் சிவந்திருந்தது. அதுதான் நன்றாக வந்தது.

இரண்டாவது வாரம் தூரம், நடுத்தரம், நெருக்கம். ஒரு இடத்தை முதலில் தூரத்தில் காட்டிவிட்டால், அடுத்து வருகிற நெருக்கமான காட்சியும் அதே இடம்தான் என்று பார்க்கிறவர்கள் தாங்களாகவே நம்பிவிடுவார்கள். அந்த வரியை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். மூன்றாவது வாரம் வெட்டுவது. திரையின் அடியில் நீலப் பட்டையாகக் காட்சி படுத்திருக்கும். கத்தி போன்ற குறியை எடுத்து ஒரு இடத்தில் தொட்டால் இரண்டாகும். சத்தம் கூடவே இன்னொரு பட்டையாகக் கீழே போகும். அன்று வீட்டுக்கு வந்து பார்த்ததில் அந்தப் படத்தில் பதினோரு வெட்டு இருப்பதைக் கண்டுபிடித்தேன். அவள் வருகிற காட்சியில் இசை மட்டும் இருந்தது, மிஷின் சத்தம் இல்லை. மிஸ்ஸிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். இசை போடும்போது அடிச்சத்தத்தை எடுத்துவிடுவது சகஜம்தான் என்றாள். அது பிழையில்லை.

பிழையில்லை, பிழையில்லை என்று நான்கு வாரம் போய்விட்டது.

நடுவில் ஒருநாள் சலவைக்கூட வாசலில் நின்றேன். ஷிப்டு விட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். அவளோடு பதினோரு வருடம் எதிரெதிர் நின்று விரிப்பு மடித்தவளை அங்கே ரேடியோ என்பார்கள். வாயை மூட மாட்டாள். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பக்கத்துத் தெரு வரைக்கும் பேசாமல் நடந்துவிட்டுச் சொன்னாள், நடிக்கச் சொன்ன அன்றைக்குத் தானும் பின்னால் நின்றதாக. அது இரண்டாவது மிஷின்தான். உருளை ஓடவேயில்லை, சூடுகூட இல்லை. இந்தப் படத்தை இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாராவாரம் போடுகிறார்கள். லெப்ட்டக்கா செய்த தப்பைச் செய்யாதீர்கள் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

வந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"அண்ணே, எனக்கு வாய் பெரிசுதான். வயிறு அதைவிடப் பெரிசு. மூணு வயிறு." சொல்லிவிட்டு அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் வற்புறுத்தவில்லை, விசாரணைத் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்தாவது வாரம் கோடு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால், அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தாண்டினால் திசை மாறிவிடும். மேக்கப்பையும் ஜிம்காரரையும் உட்காரவைத்து நான் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசியதால் நகர்ந்து நகர்ந்து, கோட்டைத் தாண்டியது தெரியாமல் அந்தப் பக்கம் போய்விட்டேன். சேர்த்துப் பார்த்தால் இருவரும் வலது பக்கமே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே நிற்கிற மூன்றாவது ஆளிடம் இருவரும் கடன் கேட்பது போல இருந்தது.

"ஃப்ளிப் பண்ணிருங்க சார்" என்றாள் மேக்கப். "ஒரே க்ளிக். நான் எப்பவும் அதான் பண்ணுவேன்."

ஜிம்காரரின் காட்சியைத் திருப்பினேன். கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாயிற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மிஸ் பின்னால் வந்து நின்று இரண்டு நொடி பார்த்தாள்.

"இவர் சட்டைப் பாக்கெட் எப்ப வலது பக்கம் போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜிம்காரர் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மிஸ் தும்மிவிட்டுச் சொன்னாள்: "திருப்புறவன் மாட்டுறது எப்பவும் இதுலதான். பாக்கெட்டு, வகிடு, வாட்ச்சு."

கடைசிச் சொல்லுக்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. என் சட்டைப் பாக்கெட்டில் பென் டிரைவ் இருந்தது. ஐந்து வாரமாக அங்கேதான் இருக்கிறது. எடுத்துச் செருகினேன். அவள் வருகிற காட்சிக்குப் போய் நிறுத்தினேன்.

கடிகாரம் இடது மணிக்கட்டில் இருந்தது. விரிப்பைத் தள்ளுகிற கை வலது கை.

ஐம்பது முறையாவது பார்த்திருப்பேன். தினமும் என் கையால் கட்டிய கடிகாரம். எப்படித் தவறவிட்டேன் என்று எல்லோரும் கேட்டார்கள். அப்போது எனக்கும் விளங்கவில்லை. பிறகு ஒருநாள் பீரோ முன்னால் நின்றபோது விளங்கியது. நான் அவளைக் கடிகாரத்தோடு பார்த்தது பெரும்பாலும் கண்ணாடியில்தான். கண்ணாடியில் அது அந்தப் பக்கம்தான் இருக்கும். படத்தில் இருந்தவள் நான் காலைதோறும் பார்த்த அதே ஆள். அதனால்தான் ஏதோ இடறியது, அதனால்தான் தெரியவும் இல்லை.

திருப்புகிற பொத்தானை அழுத்தினேன். அவள் திரும்பி வந்தாள் என்றெல்லாம் எழுத எனக்கு மனமில்லை. வரவில்லை. கைதான் மாறியது. கடிகாரம் வலது கைக்குப் போனது. இடது கை விரிப்பைத் தள்ளியது. சிவப்புப் பொத்தான் திரையின் இடது ஓரத்துக்கு வந்து நின்றது.

இரண்டாவது மிஷின்.

மிஸ்ஸிடம் அப்போதுதான் முழுக்கதையையும் சொன்னேன். மற்ற இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். மிஸ் திரையையே பார்த்தபடி, "இது தெரிஞ்சவன் பண்ண வேலை சார்" என்றாள். "தெரியாதவனா இருந்தா திருப்பாமலே போட்டிருப்பான். பொத்தான் இடது பக்கம் நின்னு அன்னைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். நீட்டா பண்ணணும்னு நினைச்சிருக்கான், பாருங்க."

விசாரணைக்குத் தன் லேப்டாப்பைத் தந்தாள். தானே வந்து காட்டட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். எட்டு வாரம் எதற்குக் கற்றேன்? மீதி மூன்று வாரத்தில் வேறு எதுவும் கற்கவில்லை. திறப்பது, நிறுத்துவது, திருப்புவது, இந்த மூன்றையும் கை நடுங்கினாலும் தப்பாமல் செய்யப் பழகினேன். மேக்கப் வேண்டுமென்றே என் முழங்கையைத் தட்டிவிடுவாள். "அங்க இதைவிட மோசமா இருக்கும் சார்" என்பாள்.

அதே அறை. அதே டிவி. ஒரு பக்கத் தாளும் அதே இடத்தில் இருந்தது. அண்ணன் என் கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். நான் ஒயரைச் செருகி, படத்தை ஓட்டி, நிறுத்தி, கடிகாரத்தைக் காட்டினேன். பிறகு திருப்பினேன். சிவப்புப் பொத்தான் இடம் மாறியபோது விளம்பரப் பிரிவு இளைஞன் மேசையைப் பார்த்தான். அன்று அவன் சிரிக்கவில்லை.

மேலாளர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல யாரு வேணாலும் திருப்பலாம் மேடம்."

"ஆமா சார்" என்றேன். "யாரு வேணாலும் திருப்பலாம். எட்டு வாரத்துல நானே கத்துக்கிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எந்தப் பக்கம் நிஜம்னு நான் எதை வச்சு முடிவு பண்றது?"

ஆஸ்பத்திரிப் பட்டியலை எடுத்து அவர் முன் வைத்தேன். மூன்றாவது வரியில் விரலை வைத்தேன். அந்தக் குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன். பிறகு மேலாளரே கொடுத்திருந்த விபத்து அறிக்கையில் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். விரிப்பைத் தள்ளும்போது உருளையில் சிக்கியது இடது கை என்று அவர்களே எழுதியிருந்தார்கள்; அவர்கள் காட்டிய படத்தில் தள்ளுவதோ வலது கை.

"ஒரு வாட்ச்சை ஒருநாள் இந்தக் கையில கட்டலாம், ஒருநாள் அந்தக் கையில கட்டலாம்" என்றார் மேலாளர். "அவங்க எந்தக் கைக்காரங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"லெப்ட்டக்கான்னு எதுக்குக் கூப்பிட்டோம்னு நினைக்கிறீங்க சார்?"

குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். வேலைநேர நீல ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. பாதி ஷிப்டில் வெளியே வந்திருக்கிறாள் என்பது மேலாளருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவள் அவரைப் பார்த்துத்தான் பேசினாள். ஆரம்பித்தபின் நிறுத்தவில்லை. நடிக்கவைத்த நாள், நாலு தடவை எடுத்தது, உருளை குளிர்ந்து கிடந்தது, முதல் மிஷினில் கம்பியை ஒயரால் கட்டியது, கட்டியவர் யார், எந்த நிற ஒயர் என்று எல்லாம் சொன்னாள். அதிகாரியின் உதவியாளருக்கு எழுதி முடியவில்லை. "கொஞ்சம் மெதுவாம்மா" என்று இரண்டு தடவை கேட்டார். மெதுவாகப் பேச அவளுக்கு வராது.

கடைசியில் அதிகாரி, அன்று காலை எடுத்ததாகச் சொல்லும் மூலப்பதிவைக் கொண்டுவரச் சொன்னார். மேலாளர் இளைஞனைப் பார்த்தார். இளைஞன் அது அழிந்துவிட்டது என்றான். எப்போது அழிந்தது என்று அதிகாரி கேட்டார். இந்த முறை அவன் மேலாளரைப் பார்த்தான்.

ஒரு பக்கத் தாளை எடுத்து என் பேனாவால் அந்த நடு வரியை அடித்தேன். அச்சகத்தில் போடுவது போல ஓரத்தில் நீக்கக் குறியும் போட்டுத் திருப்பி நகர்த்தினேன். அப்படிச் செய்யக் கூடாது என்றார் உதவியாளர். செய்துவிட்டேன் என்றேன்.

பின்பு முதல் மிஷினைப் போய்ப் பார்த்தார்கள். தடுப்புக் கம்பி புதிதாக, வண்ணம் பூசி இருந்தது. ஒயர் உரசிய தடம் சட்டத்தில் பழையதாகவே இருந்தது. அறிக்கையில் கவனக்குறைவு என்ற சொல் இப்போது இல்லை. நிறுவனம் மேல்முறையீடு செய்திருக்கிறது. ரேடியோவைத் துவைக்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், ஈரத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை. வேலையை விட்டு எடுக்கத் துணியவில்லை. பென் டிரைவைத் திருப்பித் தரச் சொல்லி எனக்கு ஒரு கடிதம் வந்தது. தர மாட்டேன் என்று பதில் எழுதினேன். ஒரே வரி. அதை மெய்ப்புப் பார்த்தே அனுப்பினேன்.

அண்ணன் ஒரு ஞாயிறு வந்தார். "இன்னும் எத்தனை வருஷம் மாப்ள?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி, அடுத்த தடவையும் சொல்லுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவப் போனார்.

அந்தக் காட்சியை மட்டும் தனியாக வெட்டினேன். ஒன்பது நொடி. சரியான பக்கம் திருப்பியது. இசை இல்லை, எழுத்து இல்லை. ரேடியோ கேட்டாள், அனுப்பினேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தேநீர் இடைவேளையில் செல்போனில் காட்டுகிறாளாம். இது நடிப்பு, உதட்டைப் பார், சிரிப்பை அடக்குகிறாள், கம்பியைக் கட்டச் சொன்னால் முடியாது என்று சொல் என்கிறாளாம்.

இன்னொரு படத்தோடு அவர்கள் வரலாம். வரட்டும். மிஸ்ஸிடம் அடுத்த எட்டு வார வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், இந்த முறை ஒலி.

கடிகாரம் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. போன மாதம் நின்றுவிட்டது. பேட்டரி மாற்றக் கொடுத்தேன். கடைக்காரர் நேரத்தையும் சரிசெய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து முள்ளைத் திருப்பி வைத்தேன். அது ஏழு நிமிடம் வேகமாக ஓடுகிறது.